பச்சையம்மாள் அத்தையின் கொசு எண்ணெய்

பச்சையம்மாள் அத்தையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், கிடையாது. ஆனால் எழுத வேறு ஆளும் இல்லை. அவளைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு அவள் எண்ணெய் காய்ச்சியவள் என்பதற்கு மேல் ஒன்றும் ஞாபகமில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, அதுதான் தொல்லை.

எங்கள் ஊர் ஆலங்கண்டிகை. நகரிக்கு மேற்கே மலையடிவாரத்தில், ஏரிக்குக் கீழே, எழுபது எண்பது வீடுள்ள சின்ன ஊர். ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் வேர்க்கடலை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு சந்தோஷம் கொசுவுக்கும். கார்த்திகை பிறப்பதற்குள் தெருவுக்கு நாலு பேராவது உச்சி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற குளிர்காய்ச்சல். வேர்த்துக் கொட்டிவிட்டு இறங்கும், மறுநாள் ஆள் எழுந்து வயலுக்குப் போவார், அதற்கு மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் பிடிக்கும். பொழைத்தவர்கள் பொழைத்தார்கள்.

இந்த ஊரில்தான் பச்சையம்மாள் அத்தை கொசுவுக்கு எண்ணெய் காய்ச்சினாள். எனக்கு அவள் ரத்த சம்பந்தம் இல்லை. எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு. என் அம்மா அவளை அண்ணி என்று கூப்பிட்டதால் எனக்கு அத்தை. புருஷன் வேதாச்சலம், ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் பயிர் வைத்துக்கொண்டிருந்த விவசாயி. ஒரே பெண் தாட்சாயணி. அதற்கு முன்னால் பிறந்த இரண்டும் தவறிப்போய்விட்டன. ஒன்று பிறந்த மூன்றாம் நாள், இன்னொன்று இரண்டு வயதில் இதே குளிர்காய்ச்சலில். எண்ணெய் காய்ச்சுவது அதற்குப் பிறகு அவள் பிடித்துக்கொண்ட வேலை என்று என் அம்மா சொல்வாள். தாட்சாயணியைக் கொசு அண்டக்கூடாது, அவ்வளவுதான் அவளுடைய நோக்கம். ஊருக்குக் கொடுத்ததெல்லாம் அதில் மிஞ்சியது.

ஆனி மாதம் வேப்பம்பழம் உதிர ஆரம்பித்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பொறுக்கிய பழத்தைத் தேய்த்துக் கழுவி, கொட்டையை நிழலில் காயவைப்பாள். வெயிலில் வைத்தால் காரம் போய்விடும் என்பாள். பிறகு உரலில் இடித்து, ஓட்டைப் புடைத்து, பருப்பை மறுபடியும் மசிய இடித்து, சுடுதண்ணீர் தெளித்துப் பிசைந்துகொண்டே இருப்பாள். பிசையப் பிசைய விரல் இடுக்கில் எண்ணெய் கசியும். அதைப் பிழிந்து எடுத்து, அதோடு புங்கம் எண்ணெய், இடித்த நொச்சி இலையின் சாறு, சுட்டுப் பொடித்த வசம்பு எல்லாம் சேர்த்து மண்சட்டியில் சிறுதீயில் வைப்பாள். சாறு சுண்டி சடசடப்பு அடங்கியதும் இறக்கி, ஆறிய பிறகு கற்பூரத்தை நுணுக்கிப் போட்டு மூடிவிடுவாள். அந்த நாற்றம் மூன்று நாளுக்குத் தெருவை விட்டுப் போகாது. பூனைகூட அந்தப் பக்கம் வராது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கை, கால், கழுத்து, காது மடல் எல்லா இடத்திலும் பூச வேண்டும். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த எண்ணெய் வேலை செய்தது. பூசிய இடத்தில் கொசு உட்காராது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து நாற்றம் குறைந்தால் உட்காரும், மறுபடியும் பூச வேண்டும். தூங்குகிறவன் எழுந்தா பூசுவான். அதை அத்தை ஒத்துக்கொள்ள மாட்டாள். எண்ணெய் பூசியும் ஜுரம் வந்தது என்று யாராவது சொன்னால், "சரியா பூசிகினு இருக்க மாட்டெ" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். அவள் வாய்க்குத் தெருவே பயப்படும். ஆனால் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொன்னதும் கிடையாது. நானே அந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வளர்ந்தவன்தான்.

இனி என் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். என் பெயர் சம்பத். எட்டாவது வரை படித்தேன், அதுவும் தெலுங்கில். எங்கள் பக்கத்தில் அப்போது எல்லைச் சண்டை. நாங்கள் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று வேதாச்சலம் மாமா திருத்தணி வரைக்கும் நடந்து போய்க் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார். பல வருஷம் இழுத்து, கடைசியில் அறுபதாம் வருஷம் ஏப்ரல் ஒண்ணாந்தேதி எல்லையைப் போட்டார்கள். திருத்தணி, பள்ளிப்பட்டு எல்லாம் மெட்ராஸுக்குப் போனது. நகரியும் நாங்களும் ஆந்திராவிலேயே நின்றோம். அதற்கு முந்தின வைகாசியில்தான் தாட்சாயணியைப் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் கோவர்த்தனன் என்கிற பையனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆறு மைல் தூரம். காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். ஆனாலும் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொண்ண பாக்க மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போய்க்கினு கீறேன்" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போவார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனால் வயிற்றெரிச்சல் எங்களுக்கெல்லாம் தெரியும்.

தெலுங்கு எழுதத் தெரிந்ததால் எனக்குச் சர்க்காரின் மலேரியா ஒழிப்பு வேலை கிடைத்தது. முதலில் வீட்டுச் சுவர்களுக்குக் கொசு மருந்தடிக்கிற கும்பலில் கூலி. பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய் ஜுரம் கேட்கிற வேலை. காக்கிப் பை, பையில் ஊசி, ரத்தம் எடுக்கிற கண்ணாடித் துண்டு, மாத்திரை, ஒரு நோட்டு. யாருக்காவது ஜுரம் என்றால் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்க வேண்டும், அங்கேயே நாலு மாத்திரையை விழுங்கவைக்க வேண்டும். ரத்தம் சித்தூருக்குப் போய், பார்த்து, முடிவு வர வாரக்கணக்காகும். ஆனால் அந்த நாலு மாத்திரையே பெரும்பாலும் ஆளை எழுப்பி உட்காரவைத்துவிடும். எனக்கு இருபத்திரண்டு வயது. சைக்கிள் கொடுத்திருந்தார்கள். தலைக்கனம் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

என்னுடைய மேஸ்திரி கங்கையா, புத்தலப்பட்டுக்காரர், நல்ல மனிதர். கொசு கடித்த பிறகு வயிறு கனத்துப் பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில்தான் போய் உட்காரும், அந்தச் சுவரில் மருந்து இருந்தால் அங்கேயே சாகும், இன்னொரு ஆளைக் கடிக்காது என்று அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அதனால் மருந்தடித்த சுவரை அடுத்த முறை நாங்கள் வரும் வரைக்கும் மெழுகக் கூடாது, சுண்ணாம்பு அடிக்கக் கூடாது. இதை வீட்டுக்கு வீடு சொல்லச் சொன்னார். சொன்னோம். யோசித்துப் பார்த்தால் அத்தையின் எண்ணெய்க்கும் எங்கள் மருந்துக்கும் பகையே கிடையாது. அது கடிக்க விடாமல் தடுப்பது, இது கடித்ததைக் கொல்வது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்திருக்கலாம். இதை நான் அவளுக்குப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னதோ, "உன் நாத்த எண்ணெயெல்லாம் இனிமே வாணாம் அத்தெ" என்று.

எங்கள் மருந்தின் மேல் அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லாமல் போனதற்குக் காரணமும் இருந்தது. முதல் வருஷம் மருந்தடித்தபோது கரப்பான்கள் மல்லாந்து விழுந்தன, அவற்றைக் கொத்தித் தின்ற அவளுடைய இரண்டு முட்டைக்கோழிகள் செத்தன. மூட்டைப்பூச்சி சாகவில்லை, வெறி பிடித்தது போல் சுவரை விட்டுப் பாய்க்கு இறங்கி வந்தது. "உங்க ஆந்திரா சர்க்காரு கோழிய கொல்லுது, மூட்டப்பூச்சிய வளக்குது" என்றாள்.

அறுபதாம் வருஷம் ஆடியில் எங்கள் தெருவுக்கு மருந்தடித்தோம். அத்தை முணுமுணுத்துக்கொண்டே சட்டி பானையை வெளியே வைத்தாள். மண்சுவரெல்லாம் வெள்ளை படிந்து நின்றது. "மெழுகிடாதெ அத்தெ" என்று நானும் சொன்னேன், கங்கையாவும் தெலுங்கில் சொன்னார். அவளுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். சரி என்று தலையாட்டினாள்.

ஆவணியில் தாட்சாயணிக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம், தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெறப் பெண்ணை அழைத்துவந்தால், அவள் படி ஏறுவதற்கு முன்னால் வீட்டை அடி முதல் மேல் வரை சாணமும் செம்மண்ணும் குழைத்து மெழுகியாக வேண்டும். மெழுகாத வீட்டுக்குள் சூலியைக் கூப்பிடுகிற தாய் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. சம்பந்தி வீட்டார் வந்து சுவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். வெள்ளை திட்டுத் திட்டாக, மருந்து நாற்றத்தோடு நிற்கிற சுவரைக் காட்டிப் பெண்ணை உள்ளே அழைப்பாளா பச்சையம்மாள்?

அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தாட்சாயணிக்கு ஏழு மாதமாகியும் மசக்கை விடவில்லை. அம்மாவின் எண்ணெயைக் கண்டாலே குமட்டியது. முன்பு ஒரு முறை வந்திருந்தபோது காலில் தடவியதும் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்திருக்கிறாள். மேலில் பூச முடியாது, பூசாமலும் விட முடியாது. அத்தை நாள் கணக்காக யோசித்தாள். பெண்ணின் மேலில் பூச முடியாவிட்டால் வீட்டின் மேல் பூசுவது என்று முடிவு செய்தாள். சாணத்தில் கலந்தால் பெண்ணுக்குக் குமட்டுகிற அளவுக்கு நாற்றம் எடுக்காது என்பது அவள் கணக்கு. கூடை கூடையாக நொச்சித் தழையும் வேப்பந்தழையும் கொண்டுவந்து உரலில் இடித்து, சாணத்தோடு பிசைந்து, அந்த வருஷம் காய்ச்சிய எண்ணெயில் பாதியை அதில் ஊற்றிக் குழைத்தாள். யாரையும் கை வைக்க விடாமல், ஏணி போட்டு ஏறி, நாலு சுவரையும் தானே இரண்டு கைப் பூச்சாகப் பூசினாள். அவ்வளவு ஆசையாக யாரும் ஒரு வீட்டை மெழுகியிருக்க மாட்டார்கள். எங்கள் வெள்ளை முழுக்க அதற்கடியில் போயிற்று.

பெண் வந்தாள். முதல் பதினைந்து நாள் வீட்டில் கொசுவே இல்லை. தெருப் பெண்கள் வந்து சுவரை மோந்து பார்த்துவிட்டு அதிசயப்பட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் நான் நோட்டோடு போனேன்.

சுவரைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. ஏழெட்டுப் பெண்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"இன்னா அத்தெ இது? மெழுகாதன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? உனக்கு இன்னா தெரியும்னு இந்த வேல செஞ்சிகினு கீறெ?"

அத்தை அவசரப்படவில்லை. கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. நீதான் பெரிய டாக்டரு. உங்கம்மா யார் எண்ணெய பூசி உன்ன வளத்தெடுத்தான்னு வூட்ல போய் கேட்டுகினு வா. அப்பறம் இங்க வந்து பேசு."

தெருவே சிரித்தது. உள்ளே இருந்து தாட்சாயணி சிரித்ததும் கேட்டது. சின்ன வயதிலிருந்து அவள் சிரிப்பு எனக்குத் தெரியும், இழுத்து இழுத்துச் சிரிப்பாள். நான் நோட்டை மூடிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். நியாயமாகப் பார்த்தால் கங்கையாவிடம் சொல்லி அந்த வீட்டுக்கு மறுபடியும் மருந்தடிக்க வைத்திருக்க வேண்டும். சொல்லவில்லை. எப்படியாவது போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

நொச்சிச் சாறும் வேப்பெண்ணெயும் சுவரில் எத்தனை நாள் நிற்கும்? புரட்டாசி வெயிலில் காய்ந்து வெறும் சாணச் சுவராக ஆகிவிட்டது. வாசனை போனது. ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. ஏரி நிரம்பியது.

ஐப்பசி முதல் வாரத்தில் என்னுடைய முறை வந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். மழை விட்டு நல்ல வெயில் அடித்த நாள். அத்தை வீட்டு வேலியில் ஒரு கம்பளி காய்ந்துகொண்டிருந்தது. வேர்வையில் நனைந்து கனத்துத் தொங்கியது. வீட்டுக்குள்ளிருந்து நிலவேம்புக் கஷாயத்தின் வாசனை. கயிற்றுக்கட்டில் விட்டு விட்டுக் கிறீச்சிட்டது. கட்டிலில் இருக்கிற ஆள் நடுங்கினால்தான் அந்தச் சத்தம் வரும். இந்த வேலையில் நான் ஆயிரம் வீடு ஏறி இறங்கியிருக்கிறேன், அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா?

அத்தை வெளியே வந்து கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு நின்று எங்களையே பார்த்தாள்.

"வீட்ல யாருக்காவது ஜுரமா?" என்று கேட்டேன். வேறு எந்த வீட்டிலும் அப்படிக் கேட்பதில்லை. எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று ஆரம்பித்துத்தான் கேட்பேன். அன்றைக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டே சர்க்கார் குரலில் கேட்டேன்.

"இல்ல" என்றாள். பிறகு எதிர்வீட்டுக்காரிக்கும் கேட்கிற மாதிரி, "கொசுவே வராத வூட்ல ஜுரம் எங்கேருந்து வரும்?" என்றாள்.

என் நோட்டில் அந்த வீட்டுக்கு இரண்டே பேர். வேதாச்சலம், பச்சையம்மாள். தாட்சாயணி மெட்ராஸ் ராஜ்யத்து ஆள், எங்கள் கணக்கில் இல்லை. விருந்தாளிகளையும் கேட்க வேண்டும் என்பது சட்டம். கேட்கவில்லை. இருவருக்கும் ஜுரம் இல்லை என்று தெலுங்கில் எழுதினேன். பையில் மாத்திரை இருந்தது. எண்ணி நாலு மாத்திரை. கம்பளியை மறுபடியும் ஒரு தடவை பார்த்தேன். நீயாக வந்து என்னிடம் கேள், அன்றைக்குத் தெருவையே சிரிக்கவைத்தாயே, இப்போது வா என்று அத்தையை நினைத்து மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அசிங்கம்தான். ஆனால் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அதற்கு எட்டாம் நாள், புத்தூரிலிருந்து திரும்பி வருகிறேன், ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் எதிரே ஒரு கூண்டு வண்டி. மாமா மாட்டுக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். செருப்பு இல்லை, தோளில் துண்டும் இல்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். தாட்சாயணி அம்மாவின் மடியில் கிடந்தாள். முகம் மஞ்சளாக இருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை. வயிறு மட்டும்தான் பெரிதாக இருந்தது, மீதியெல்லாம் வற்றிப் போயிருந்தது.

பையைத் திறந்து மாத்திரையை எடுத்து நீட்டினேன். அத்தை வாங்கி, சொம்புத் தண்ணீரில் கரைத்து, விரலால் பெண்ணின் வாயைத் திறந்து ஊற்றினாள். பாதி கடைவாய் வழியாக வழிந்தது. வழிந்ததையும் முந்தானையில் துடைக்காமல் மறுபடியும் வாய்க்குள் தள்ளினாள்.

"எத்தினி நாளா?" என்று மாமாவிடம் கேட்டேன்.

"பத்து பன்னெண்டு நாளு ஆவுதுப்பா. நடுவுல ரெண்டு நாளு நல்லாத்தான் எழுந்து துன்னுகினு இருந்தா. வுட்டுப்போச்சின்னு நெனச்சிகினு இருந்தோம்."

ரயில் ஏற்றி ரேணிகுண்டா போய், அங்கே மாறித் திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் மத்தியானம் குழந்தை வயிற்றிலேயே செத்துப் பிறந்தது. ஆண் குழந்தை. சாயங்காலம் தாட்சாயணி போனாள். பத்தொன்பது வயது. பள்ளிப்பட்டிலிருந்து கோவர்த்தனன் ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ரயிலில் பிணத்தை ஏற்ற விடவில்லை. அவளை அங்கேயே ஒரு வேற்றூர்ச் சுடுகாட்டில், தெரியாத மனிதர்கள் அடுக்கிய கட்டையில் வைத்துவிட்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை மாமாதான் பிறகு என்னிடம் சொன்னார். டாக்டர் தெலுங்கில் கேட்டாராம், ஜுரம் எத்தனை நாளாக, உங்கள் ஊருக்கு மலேரியாக்காரன் வருவதில்லையா, மாத்திரை கொடுப்பதில்லையா என்று. மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். இதைச் சொன்னபோது மாமா என்னைக் குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. அவருக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கு அவர் வயலில் இருந்தார்.

கருமாதிக்கு நான் போனேன். பந்தியில் உட்கார்ந்தேன், சாப்பிடாமலே இலையை மூடிவிட்டு எழுந்தேன். அதன் பிறகு ஏழெட்டு மாதம் அந்த வீட்டு வாசலில் நின்று ஜுரம் கேட்கவே இல்லை. தெருமுனையில் மாமாவைப் பார்த்தால் கேட்டு எழுதிக்கொள்வேன், பார்க்காவிட்டால் நானே எழுதிக்கொள்வேன். கங்கையாவுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மறு வருஷம் ஆனி வந்தது. வேப்பம்பழம் உதிர்ந்தது. அத்தை முறத்தை எடுக்கவில்லை. அவள் பொறுக்குகிற மரங்களுக்கடியில் பழம் அழுகி, ஈ மொய்த்து, மண்ணோடு மிதிபட்டுப் போயிற்று. தெருப் பெண்கள் போய்க் கேட்டார்கள். என் அம்மாவும் கேட்டாள். எண்ணெய் இல்லை என்று ஒரே பதில். தாங்களாவது காய்ச்சிக்கொள்ளலாம், எதை எவ்வளவு போடுவது என்று சொல்லேன் என்று கேட்டதற்கு, மறந்துவிட்டது என்றாளாம். எப்படி மறக்கும்? ஊரையே வாயால் ஓட்டிக்கொண்டிருந்தவள், ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவளாகிவிட்டாள். மாமாவுக்குச் சோறு வடித்துப் போட்டாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். மீதி நேரமெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது.

ஆடியில் மருந்தடிக்கப் போனோம். எங்கள் பம்பைப் பார்த்ததும் அவளே சட்டி பானையை வெளியே எடுத்து வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தைக் கழற்றினாள். மூலையில் மருந்து படாமல் இருந்த ஒரு இடத்தை, "அங்க படல" என்று கையால் காட்டினாள். பையன்கள் அடுத்த வீட்டுக்குப் போன பிறகும் நான் மட்டும் நின்றேன். வீடு முழுக்க ஈரம். அவள் வாசலில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

அதை எப்படிச் சொல்வது என்று எட்டு மாதமாக மனதில் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் போயிற்று.

"அத்தெ, அன்னைக்கி எனக்குத் தெரியும். கம்பளிய பாத்தேன். கட்டல் சத்தம் கேட்டுது. உள்ள அவதான் ஜுரத்துல கீறான்னு தெரிஞ்சேதான் போனேன். பையில மாத்தர இருந்துச்சி. உன் மேல இருந்த கோவத்துல போய்ட்டேன்."

அவள் என்னை அடித்திருந்தால் தேவலை. மண்ணை வாரித் தூற்றி, என் குலமே நாசமாகப் போக என்று சாபம் கொடுத்திருந்தால் இத்தனை வருஷத்தில் கொஞ்சமாவது ஆறியிருக்கும். எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் பேசியபோது குரலில் கோபம் இல்லை.

"நீ கம்பளிய பாத்தத நானும்தான் பாத்தேன்" என்றாள். "எதுர் வூட்டுக்காரி நிக்கறாளேன்னு வாய் இல்லன்னு சொல்லிடுச்சி. கதவ சாத்திட்டு உள்ள போவலடா சம்பத்து. கதவுக்குப் பின்னாலயே நின்னுகினு இருந்தேன். நம்ம புள்ளதான, இன்னோரு வாட்டி கேப்பான்னு நின்னுகினு இருந்தேன்."